கீழ் போல்ட்டில் ஒரு பொட்டு

ஒரு போல்ட்டை முறுக்கி முடித்ததும் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். அங்கே நெயில் பாலிஷ் குப்பி இருக்கும். அதை இடது உள்ளங்கையில் நிறுத்தி, மூடியை இரண்டு விரலால் திருகி, பிரஷ்ஷைக் குப்பியின் கழுத்தில் இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் வழிப்பார். சொட்டக் கூடாது. பிறகு போல்ட்டின் தலையில் தொடங்கி, அதை ஒட்டிய உலோகம் வரைக்கும் ஒரே இழுப்பு. ஒரு அரிசி நீளத்துக்குச் சிவப்புக் கோடு. குனிந்து உதட்டைக் குவித்து, குழந்தையின் கண்ணில் தூசி விழுந்தால் ஊதுவதுபோல இரண்டு முறை ஊதுவார். அதற்குமேல் அந்த போல்ட்டைத் தொடமாட்டார்.

போல்ட் இம்மி திரும்பினாலும் கோடு இரண்டாக ஒடிந்துவிடும். தலையில் இருக்கும் பாதியும் உலோகத்தில் இருக்கும் பாதியும் சண்டை போட்ட அண்ணன் தம்பி மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். கோடுதான் என்றாலும் எல்லாரும் அதைப் பொட்டு என்றார்கள். அதனால் அவரும் பொட்டுக்காரர் ஆனார். உண்மைப் பெயரைச் சொல்லிக் கடைக்கு வழி கேட்டால் அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

"மகாராசன், பொண்டாட்டிக்கு ஒரு குப்பி வாங்கித் தந்ததில்ல. சைக்கிளுக்கு மட்டும் மாசம் ஒண்ணு," என்பாள் மனைவி. அது முழுக்கச் சரியில்லை. குப்பி மகளுடையது. அவள் பாதி தீர்த்துவிட்டுச் சலித்துப்போய் ஒதுக்கும் நிறம் எதுவோ அதுதான் அப்பாவுக்கு.

இந்தப் பழக்கம் லிஃப்ட் செய்யும் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அங்கே பத்தொன்பது வருஷம் போல்ட் முறுக்கினார். முறுக்கிய போல்ட் ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பெயிண்ட்டால் கோடு போட வேண்டும். கோடு இல்லாத போல்ட் ஒன்று கண்ணில் பட்டால் மேஸ்திரி அந்த வரிசையையே நிறுத்திவிடுவார். தொழிற்சாலையை மூடிவிட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியபோது, மற்றவர்கள் ஸ்பேனரையும் துணி மூட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அவர் கோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். டயர்க்கடைக்கும் தையல் மிஷின் ரிப்பேர்க் கடைக்கும் நடுவில், நான்கு எட்டு வைக்கிற அகலத்தில் ஒரு அறை. அங்கே சைக்கிள் கடை போட்டுப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

அவரிடம் இரண்டு கண்டிப்புகள் உண்டு. முறுக்காத போல்ட்டுக்குப் பொட்டு கிடையாது. அதேபோல, வண்டியை ஆளிடம் ஒப்படைக்குமுன் பொட்டுகளை வாய்விட்டு எண்ணுவார். டிஸ்க் பிரேக் வைத்த வண்டி என்றால் முன்பக்கம் மட்டும் பதினொன்று. எண்ணி முடிக்கும் வரை ஆள் நிற்க வேண்டும். "என்ன பொட்டு, ஆஜர் எடுக்கிறியா? ஒன்பதாவது பையன் லீவு லெட்டர் குடுத்திருக்கான்," என்று டயர்க்கடைக்காரர் வாசலிலிருந்து கத்துவார். இவர் விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குவார்.

அக்கா மகன் வண்டி கொண்டுவந்த அன்று அவர் எண்ணவில்லை.

அக்கா அவரைவிட எட்டு வயது மூத்தவள். ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்து இஸ்திரி போடும் இடத்தில் வேலை. கணவன் போன பிறகு ஒரே மகனை அவள்தான் ஆளாக்கினாள். இருபத்தாறு வயது. கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுகிறான். மேசையில் விரித்த பெரிய கண்ணாடிமேல் வெட்டுக்கருவியை வைத்து ஒரே மூச்சில் இழுப்பான். சத்தம்கூட வராது. அப்புறம் விரலால் ஒரு தட்டு. நேராகப் பிளந்து விழும். வலது கையால் இழுத்த கோடு ஒரு மயிரிழை விலகினால் மொத்தக் கண்ணாடியும் பாழ். அதனால் கடையில் அவன் கைக்குத் தனி மரியாதை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், பழசாக வாங்கிய மவுண்டன் பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே குன்றுப் பாதையில் ஏறி இறங்குவான்.

"மாமா, முன்னாடி ஏதோ டொக்குங்குது," என்றான் வந்ததும். "பிரேக் புடிச்சா ஒண்ணு, விட்டா ஒண்ணு."

"உனக்கா வண்டிக்கா?"

"ரெண்டு பேருக்கும் வச்சுக்கோங்க."

அவர் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தார். டொக். டொக். இடது கையின் இரண்டு விரலை, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் ஃபிரேமுக்குள் நுழையும் இடத்தில் வைத்தார். ஹேண்டில் பேரிங் லூசாக இருந்தால் அங்கே விரலுக்கடியில் மூட்டு நகர்வது தெரியும். தெரியவில்லை. ஹேண்டிலைப் பக்கவாட்டில் திருப்பி மறுபடி அசைத்தார். ஒன்றுமில்லை. அடுத்து விரலைக் கீழே இறக்கினார். சஸ்பென்ஷனில் மேலே இருக்கும் மெல்லிய குழாய் கீழே இருக்கும் தடித்த குழாய்க்குள் இறங்குகிறதே, அந்த வாய். அங்கே இருந்தது. ஆடும் பல்லை நாக்கால் தொட்டமாதிரி ஒரு சிறு அசைவு.

"புஷ் தேஞ்சிருக்கு மாப்ளே. உள்ளே ரெண்டு வளையம் இருக்கும். இந்தக் கம்பி ஆடாமப் புடிச்சிக்கிறது அதுதான். வயசான ஃபோர்க். முட்டி வலிக்காரன் மாதிரி முனகிக்கிட்டே கெடக்கும். ஆளக் கவுக்காது. நீ பாட்டுக்கு ஓட்டு."

"சத்தம் அதிகமானா?"

"ஆகத்தான் செய்யும். காதுல பஞ்சு வச்சுக்க."

அவர் சொன்னது சரி. அதைப் பிற்பாடு எத்தனையோ முறை தனக்குள் சொல்லிக்கொண்டார். அன்று அவர் கண்டுபிடித்தது சரிதான்.

பிரேக் பேட் தேய்ந்திருந்ததால் அதையும் மாற்றிவிடலாம் என்றார். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, காலிப்பரைக் கழற்றினார். சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பிரேக்கின் வாய் அது. ஃபோர்க்கின் இடது காலில் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். புதுப் பேட்டைப் போட்டு, இரண்டு போல்ட்டையும் விரலால் மட்டும் முடுக்கி, பிரேக்கை அழுத்தினார். அழுத்தினால் காலிப்பர் தன் நடு இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். அதன் பிறகுதான் எல் கீ போட்டு இறுக்க வேண்டும்.

"பொட்டு! ஓடி வாய்யா, பலகை விழுது!"

டயர்க்கடைக்காரர் புதுப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தார். ஏணியில் அவர், ஒரு முனை ஆணியில், மறுமுனை அந்தரத்தில். இவர் ஓடிப்போய்த் தாங்கினார். கால் மணி நேரம். பலகையில் டயரைப் பூசணிக்காய் மாதிரி வரைந்திருந்தான் பெயிண்டர். அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் வயிறு நோகச் சிரித்தார்கள். திரும்பி வந்தபோது அக்கா மகன் வண்டியைத் தானே ஸ்டாண்டிலிருந்து இறக்கித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஆச்சா மாமா?"

"ஆச்சு ஆச்சு, கெளம்பு. அம்மா காத்திருக்கும்."

வெளியாள் வண்டி என்றால் எண்ணியிருப்பார். இது வீட்டு வண்டி.

மூன்றாவது ஞாயிறு அவன் விழுந்தான். குன்றிலிருந்து இறங்கும்போது முன்சக்கரம் திடீரென்று பூட்டிக்கொண்டது. வண்டி அவனைத் தலைக்குமேல் தூக்கி எறிந்தது. வலது தோளும் கழுத்தும் பாறையில் மோதின. எலும்பு கூடிவிடும் என்றார் டாக்டர். கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புகளைப் பற்றிக் கேட்டபோது படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஆறு மாதம் பொறுத்துத்தான் சொல்ல முடியும் என்றார். பொறுத்துச் சொல்ல ஒன்றுமில்லை என்பது அந்தக் கையைப் பார்த்தாலே தெரிந்தது. போர்வைமேல் வேறு யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது.

அவர் தினமும் போனார். முதலில் ஆஸ்பத்திரிக்கு, பிறகு அக்கா வீட்டுக்கு. மூத்திரக் குடுவை பிடித்தார். முதுகைத் துடைத்தார். இடது கையால் எப்படிக் கரண்டி பிடிப்பது என்று கோமாளித்தனம் பண்ணிச் சிரிக்க வைக்கப் பார்த்தார். அவன் லேசாகச் சிரிப்பான். என்ன ஆயிற்று என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"பிரேக்கைத் தப்பாப் புடிச்சிட்டேன். எம்மேலதான் தப்பு."

வண்டியை யாரோ சிநேகிதன் கொண்டுவந்து அக்கா வீட்டு மாடிப்படிக்குக் கீழே சாய்த்துவிட்டுப் போயிருந்தான். சாலையோரம் நிற்கிற அந்நியன் வண்டியின் செயினைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் அவரால் தாண்ட முடியாது. ஆனால் இந்த வண்டியைப் பதினைந்து நாள் தாண்டிப் போனார், வந்தார். மாடிப்படி வந்ததும் செருப்பைப் பார்த்துக்கொண்டே ஏறினார். சேற்றோடு அது அப்படியே கிடந்தது. ஒருநாள் சேறு துடைத்திருந்தது. அதையும் அவர் ஓரக்கண்ணால்தான் பார்த்தார்.

மறுநாள் காலை அக்கா அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். முன்சக்கரம் சுற்றவில்லை. முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்சக்கரத்தை மட்டும் உருட்டியபடி அத்தனை தூரம் நடந்திருக்கிறாள். இஸ்திரி போட்டுப் போட்டு இறுகின அவள் முன்னங்கையில் நரம்பு புடைத்திருந்தது.

"ஏங்கா, சொல்லியிருந்தா நான் வந்து எடுத்துட்டு வந்திருப்பேன்ல?"

"நீதான் பாக்கவே மாட்டேங்கிறியேடா."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"பிள்ள படுத்துக்கிட்டு ஒண்ணையே சொல்றான். எந்தப்பு எந்தப்புன்னு. தூக்கத்துலயும் அதான் சொல்றான். எனக்கு வண்டி வாகனம் தெரியாது. நீ பாத்துச் சொல்லு தம்பி. அவன் தப்பா, வண்டி தப்பா. எதுவா இருந்தாலும் எனக்குப் பரவால்ல. ஆனா உள்ளது தெரிஞ்சாகணும். அவனுக்குச் சொல்லணும்."

"வெச்சுட்டுப் போக்கா. பாக்கறேன்."

"நாலு மணிக்கு வேல முடியும். வரேன்." வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். "நிதானமாப் பாருடா. அவசரமில்ல."

அவள் போனதும் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினார். இடது பக்கம் சுவர்ப்புறமாக இருக்கும்படி ஏற்றினார். ஏன் அப்படி என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் ஹேண்டில் பேரிங். விழுந்த வேகத்தில் அது நசுங்கியிருக்கலாம். விழுவதற்கு முன்பே உடைந்தும் இருக்கலாமே. கழற்றினார். ஒவ்வொரு குண்டாகத் துணியில் உருட்டிப் பார்த்தார். புதுசுபோல மின்னின. அடுத்து முன்சக்கர அச்சு. அது நழுவி வந்திருந்தால் சக்கரம் கோணும், பூட்டிக்கொள்ளும். எத்தனையோ பேருக்கு அப்படி ஆகியிருக்கிறது. அச்சைப் பிடித்து உலுக்கினார். பாறைபோல நின்றது. அதன்மேல் அவர் முன்பு எப்போதோ வைத்த பொட்டு ஒடியாமல் இருந்தது. ஃபோர்க்கின் கழுத்தை விளக்கு வைத்துத் தேடினார், விரிசல் இருக்கிறதா என்று. வேண்டிக்கொண்டே தேடினார் என்றுதான் சொல்ல வேண்டும். விரிசல் இருந்தால் அது செய்தவன் குற்றம். எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் முகம் தெரியாத எவனோ செய்த குற்றம். நகத்தால் சுற்றிச் சுற்றி வருடினார். வழவழவென்றுதான் இருந்தது.

பிறகு புஷ். விரலை அந்த வாயில் வைத்து அசைத்தார். டொக். அதே ஆடும் பல். அவர் சொன்னபடியே இருந்தது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. இந்த ஆட்டம் யாரையும் கவிழ்க்காது.

பதினொன்றரை ஆகிவிட்டது. இனிமேல் பார்க்காத இடம் ஒன்றே ஒன்றுதான். ஸ்டாண்டைத் திருப்பினார்.

காலிப்பரின் மேல் போல்ட் இல்லை. துளை மட்டும் வாயைத் திறந்துகொண்டிருந்தது. கீழ் போல்ட்டைப் பிடித்துக்கொண்டு காலிப்பர் முழுதும் உள்பக்கமாகச் சரிந்து ஆரங்களுக்குள் புகுந்திருந்தது. நான்கு ஆரம் அறுந்து சுருண்டிருந்தது. கீழ் போல்ட்டை இரண்டு விரலால் திருகிப் பார்த்தார். சுற்றியது. அதன் தலையில் பொட்டு இல்லை.

துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். அழுக்குக்கு அடியில் இருக்கலாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தேய்ந்துபோன சிவப்பில் ஒரு துளி, ஒரு தடம்கூட இல்லை. வெறும் கறுப்பு உலோகம்தான், கடையில் வாங்கினபோது இருந்ததுபோல.

அப்போதுதான் எண்ணினார். ஹேண்டிலில் ஆறு, மட்கார்டில் இரண்டு, அச்சில் ஒன்று. ஒன்பது. ஒன்பதிலும் சிவப்பு இருந்தது. மறுபடி எண்ணினார். டயர்க்கடைப் பலகை, அந்தரத்தில் ஆடின முனை, பூசணிக்காய், சிரிப்பு, "ஆச்சு ஆச்சு" எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

சத்தத்தின் கதையும் அவருக்குப் புரிந்துவிட்டது. அதுதான் தாங்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போன முதல் வாரம் கேட்டது புஷ்ஷின் சத்தம். இரண்டாம் வாரம் போல்ட் நழுவ ஆரம்பித்ததும், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் காலிப்பரும் ஆடியிருக்கும். அதுவும் டொக்குதான். அதே இடம், அதே நேரம், கொஞ்சம் கூடுதலாக. வேறு யாராவது என்றால் பயந்து வண்டியைக் கொண்டுவந்திருப்பான். இவன் மாமா சொன்னதை நம்பினான். ஆகத்தான் செய்யும், காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று மாமா சொல்லியிருந்தார்.

"என்ன பொட்டு, மருமவன் வண்டியா?" டயர்க்கடைக்காரர் இரண்டு டீயோடு உள்ளே வந்தார். "எப்படி இருக்கான் பையன்?"

"அப்படியேதான்."

"சின்ன வயசுப் பசங்க. மேட்டுலருந்து உருட்டிவிட்ட டயராட்டம் வரானுங்க. நீ என்ன பண்ணுவே?" டீயை உறிஞ்சினார். "நேத்துகூட ஒருத்தன் எங்கிட்ட சொல்றான். பொட்டு வச்ச வண்டின்னா கண்ண மூடிக்கிட்டு ஏறலாம்யான்னு. பத்து வருசத்துல ஒரு குத்தம் வந்திருக்குமா உன் கையில?"

அவர் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ மேல் ஏடு படிந்து சுருங்கியது. "பலகைய நல்லா மாட்டிட்டியா?" என்றார்.

"எந்தப் பலகை? அதுவா? அது இரும்பா நிக்குதே. நீ புடிச்ச புடி!" என்று சிரித்துக்கொண்டே போனார் அவர்.

மதியம் அவர் சாப்பிடவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கினார். கீழ் போல்ட்டைக் கையாலேயே கடைசிவரை முடுக்கினார். பிறகு அதைக் கால் சுற்று பின்னால் திருப்பினார். சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்தார். பிரஷ்ஷை இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் வழித்தார். போல்ட்டின் தலையில் பாதிக் கோடு போட்டார். மீதிப் பாதியை உலோகத்தில், அதற்கு நேராக இல்லாமல், கால் சுற்று தள்ளிப் போட்டார். இறுக்கி வைத்த போல்ட் ஓட்டத்தில் தானே கழன்றால் கோடு எப்படி நிற்குமோ அப்படியே நின்றது. இரண்டு முறை ஊதினார். காய்ந்த பிறகு செயினிலிருந்து கொஞ்சம் கறுப்பு மசியைத் தொட்டு அதன்மேல் தேய்த்துத் துடைத்தார். பல வாரப் பழசாகிவிட்டது.

முப்பது வருஷத்தில் முறுக்காத போல்ட்டுக்கு அவர் வைத்த முதல் பொட்டு. கை நடுங்கும் என்று எதிர்பார்த்தார். நடுங்கவில்லை. எப்போதும்போல நேர்த்தியாக இருந்தது. அந்த நேர்த்தியைப் பார்த்த பிறகுதான் அங்கிருந்து எழுந்தார். வாளித் தண்ணீரில் முகம் கழுவினார்.

நாலு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தாள். கையில் சோப்பு நெடி, தலைமுடியில் நூல் பிசிறு. ஷட்டர் பாதியில் இருந்ததால் குனிந்து வந்தாள்.

"பாத்தியாடா?"

"பாத்தேங்கா." அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே பேசினார். கையில் ஒன்றும் இல்லை. "பிரேக்கோட போல்ட் ஒண்ணு கழண்டு விழுந்திருக்கு. அதான் சக்கரத்துல மாட்டிக்கிச்சு."

"ஏன் கழண்டுச்சு?"

"மேடு பள்ளம், கல்லு. குதிக்க விட்டா கழலத்தான் செய்யும். நான் இறுக்கித்தான் குடுத்தேன். இங்க பாரு, கீழ் போல்ட்டு. என் பொட்டு இருக்குல்ல? கோடு ஒடிஞ்சு தள்ளி நிக்குது பாரு. தானா திரும்பியிருக்கு."

அக்கா குனிந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கிட்டே போனாள். அவ்வளவு நேரம் ஒரு போல்ட்டில் பார்க்க என்ன இருக்கிறது? தையல் மிஷின்காரர் கடையில் ஒரு மிஷின் ஓடி நின்றது. மறுபடி ஓடி நின்றது. அவள் ஆள்காட்டி விரலை நீட்டி அந்தப் பொட்டைத் தொட்டாள். தொட்ட விரலைத் திருப்பிப் பார்த்தாள். அதில் லேசாக மசி.

"இது நீ வச்சதா?"

"வேற யாருக்கா வைப்பா? ஊருக்கே தெரியுமே."

அவள் நிமிரவில்லை. அவரே தொடர்ந்து பேசினார். நிறுத்தத் தெரியவில்லை. "சத்தம் கூடியிருக்கும்கா. அப்பவே கொண்டாந்திருக்கணும் அவன். கொண்டாந்திருந்தா ரெண்டு நிமிச வேல. சின்னப் பிள்ள, தெரியல. அவன்மேல தப்புன்னு சொல்லல நான்..."

"சரி," என்றாள் அக்கா.

நிமிர்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அடிபட்டிருக்கிறதா என்று தேடுவாளே, அதே பார்வை. அவர் எல் கீயை எடுத்து இடத்தில் மாட்டினார். அது ஏற்கெனவே இடத்தில்தான் இருந்தது.

"அப்ப அவன் சொன்னதுதான் சரி. அவன் தப்புதான்," என்றாள்.

"அப்படி இல்லக்கா..."

"சாப்ட்டீங்களா?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பின்னால் யாராவது வந்து நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தார். கடையில் அவர்கள் இருவர் மட்டும்தான்.

"சாப்ட்டேன்," என்றார்.

"வண்டி இங்கேயே இருக்கட்டும். வரேங்க." அவள் ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போனாள். வெயில் அவள் பாதத்தைக் கொஞ்ச தூரம் காட்டியது.

அக்கா அவரோடு சண்டை போடவில்லை. எந்த வீட்டுக் காரியத்துக்கும் வராமல் இருந்ததும் இல்லை. அவர் போனால் கதவைத் திறந்து, "வாங்க," என்பாள். நாற்காலியைத் துடைத்துப் போடுவாள். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்பாள். நாற்பத்தைந்து வருஷமாக டேய் என்று கூப்பிட்ட வாய் அது. அதன் பிறகு ஒருநாளும் அவரை டேய் என்று கூப்பிடவில்லை. "இப்பத்தான் உங்கக்காவுக்கு உங்க வயசு தெரிஞ்சிருக்கு போல," என்று மனைவி கேலி செய்தாள். அவர் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார்.

ஆறு மாதம் போனது. பிறகு இன்னொரு ஆறு மாதம். கை அப்படியே இருந்தது. கண்ணாடிக் கடை முதலாளி நல்லவர். அவனைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். வருகிறவர்கள் கேட்கும் அளவுகளை இடது கையால் எழுதித் தருவான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்துபோலக் கோணிக்கொண்டு இருக்கும். வெட்டுமேசையிலிருந்து கண்ணாடி பிளக்கும் சத்தம் வரும்போது தலையைத் தூக்கமாட்டான். மாமாவைக் கண்டால் எப்போதும்போல, "வாங்க மாமா," என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பயந்தே அவர் அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டார்.

பொட்டு வைப்பதையும் விட்டார். முதலில் குப்பி தீர்ந்துவிட்டது என்றார். மகள் ஊதா நிறத்தில் ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். அது சட்டைப் பையிலேயே கெட்டிப்பட்டது. வாடிக்கையாளர்கள் தேடினார்கள். "என்னங்க, எங்க வண்டி மட்டும் மூளியாப் போகுது?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். அவர் ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு தரம் இறுக்கினார், மூன்று தரம் இறுக்கினார். சில போல்ட்டுகள் தலை முறிந்து கையோடு வந்தன. பொட்டுக்காரர் என்ற பெயர் மட்டும் போகவில்லை. அந்தப் பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத்தான் வேண்டியிருந்தது.

வண்டி கடையின் பின்சுவரில் ஆணியடித்துத் தொங்கியது. விற்கவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. காலிப்பர் இருக்கும் பக்கம் சுவரைப் பார்த்தபடி.

இனிச் சொல்வது அவருடைய மகள் நெடுநாள் கழித்துச் சொன்னதிலிருந்து தெரியவந்தது. அவரிடம் அவள் சொல்லவில்லை.

அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்ததற்கு முந்தின நாள், மகள் அத்தை வீட்டில் இருந்தாள். மாடிப்படிக்குக் கீழே கிடந்த வண்டியின் சேற்றை இருவரும் துடைத்தார்கள். உள்ளே படுத்திருந்த அத்தை மகன் கட்டிலிலிருந்தே குரல் கொடுத்தான்: "அம்மா, முன் பிரேக்ல கீழ் போல்ட் ஒண்ணு இருக்கும். அதுல மாமா பொட்டு இருக்கான்னு பாரு." மகள் விளக்கைப் பிடித்தாள். அத்தை முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அந்த போல்ட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பொட்டு இல்லை. உள்ளே போய் அதைச் சொன்னாள். "சரி, விடும்மா. யாருக்கும் தெரிய வேணாம். நான் தப்பாப் புடிச்சேன்னே இருக்கட்டும்," என்றான்.

"நீ சும்மா இரு," என்றாளாம் அத்தை. "நாளைக்கு நானே கொண்டுபோய்க் கேக்கறேன். கேட்டா சொல்லிருவான் எந்தம்பி."